பல நாடுகளின் வேலையின்மையை ஒப்பிடுவது எப்படி? வேலூர்க்காரன் சொல்லும் வழி

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஜனங்களுக்கு வேலை போனால் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு ஆர்டர் குறையும், அதனால் அந்த ஊர்க் கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரிவது நமக்கும் தேவை.

முதலில், ஒவ்வொரு நாட்டு இணையதளத்திலிருந்தும் எண்களைத் தனித்தனியாக எடுத்து ஒட்டாதீர்கள். ஜெர்மனியிலேயே இரண்டு கணக்கு உண்டு: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களை எண்ணுவது ஒன்று, வீடுகளில் கேட்டு எடுக்கும் சர்வே இன்னொன்று, முதலாவது வழக்கமாகக் கூடுதலாகவே இருக்கும். ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, வேலையில்லாதவர் என்று எண்ணப்பட ஒருவர் சர்வே கேட்கும் வாரத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்கக் கூடாது, கடந்த நாலு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். இந்த ஒரே அளவுகோலில், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு தரும் தொடரை எடுங்கள், அதிலும் பருவகாலத் திருத்தம் செய்ததை, அதாவது வருஷாவருஷம் சீசனால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்ததை. இல்லையென்றால் ஸ்பெயினில் கோடைச் சுற்றுலா சீசனில் வேலை கூடுவதைப் பார்த்து நிலைமை தேறிவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

அப்புறம் எல்லை. 1989 வரை வட ஆற்காடு என்றால் திருவண்ணாமலையும் சேர்த்தி, 2019-ல் வேலூரே மூன்றாகப் பிரிந்தது, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது இல்லையா? ஜெர்மனியும் அப்படித்தான். 1990-க்கு முந்தைய தொடர் பெரும்பாலும் மேற்கு ஜெர்மனி மட்டும்.

இப்போது கோடு போடுங்கள், ஆனால் எது உயரம் என்று பார்க்காமல், 2008 உலக நிதி நெருக்கடிக்கு முந்தைய 2007-ஐப் பூஜ்யமாக வைத்து ஒவ்வொரு நாடும் தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். ஸ்பெயின் 8 சதவீதத்திலிருந்து 2013-ல் 26-ஐத் தொட்டது, அமெரிக்கா 5-க்குள் இருந்து 2009 அக்டோபரில் 10. ஜப்பான் 4-க்குள் இருந்து 5-ஐத் தாண்டியது, அடுத்தவர் பார்வைக்குச் சின்ன எண், அவர்களுக்கு அது பெரிய அடி.

கொரோனா வந்த 2020-ல்தான் ரொம்பக் கவனம் வேண்டும். ஏப்ரலில் அமெரிக்கா 14.8, ஜெர்மனியோ 4-ஐ ஒட்டியே நின்றது. கம்பெனி வேலை நேரத்தைக் குறைக்க, விட்டுப்போன சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு கொடுக்கும் குர்ட்ஸ்ஆர்பைட் திட்டத்தில் இருந்த ஜெர்மானியர் வேலையில் இருப்பவராகவே எண்ணப்பட்டார், தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கர் வேலையில்லாதவர் ஆனார். இரண்டு பேருமே வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கலாம்.

கடைசியாக, வேலை செய்யும் வயதுள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையிலோ வேலை தேடலிலோ இருக்கிறார்கள் என்ற கோட்டையும் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவின் வேலையின்மை 2015 இறுதியில் 5-க்கு இறங்கியது, ஆனால் வேலையிலோ தேடலிலோ இருப்பவர்களின் பங்கும் 2007-ல் இருந்த 66-லிருந்து 63-க்குக் கீழே போயிருந்தது, முதியோர் கூடியது ஒரு காரணம், தேடுவதையே விட்டது இன்னொன்று. பேர்ணாம்பட்டிலிருந்து ஷூ கம்பெனிக்கு பஸ் ஏறிவந்த ஒரு அக்கா, வேலை போனபின் வேறெங்கும் கேட்காமல் வீட்டோடு இருந்துவிட்டால், இந்த வரையறைப்படி அவர் வேலையில்லாதவர் பட்டியலிலேயே வரமாட்டார்.