ஓய்வை நீட்டினேன், வார்லாக் பிழைத்தார்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டிக் கதைமாந்தர்களாக ஆடும் மேசை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பில் நான் நடத்தும் ஆட்டத்தில், மந்திரவாதியான விசார்டு வைத்ததுதான் சட்டமாக இருந்தது. ஐந்தாம் நிலையில் அவருக்கு 9 மந்திர வாய்ப்புகள்; தீர்ந்தால் ஓய்வெடுத்துத்தான் மீட்க வேண்டும். இன்னொரு வகை மந்திரவாதியான வார்லாக்குக்கு வெறும் 2. நாளுக்கு ஒரே சண்டை என்றால் விசார்டு தீக்கோளத்தை வீசி, எட்டுப் பகடைகளை அள்ளி உருட்டுவார். ஃபைட்டர் வாளை உருவுவதற்குள் எல்லாம் சாம்பல்.

விசார்டு, வார்லாக் போன்ற பாத்திர வகுப்புகளின் விதிகளில் கைவைக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு ஓய்வு விதியில்தான் இருந்தது. வார்லாக்கின் மந்திரங்களும் ஃபைட்டரின் கூடுதல் செயலும் ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். விசார்டுக்குப் பெரும்பாலும் 8 மணி நேர நெடு ஓய்வு வேண்டும். 2014 வழிகாட்டி நூல் நாளுக்கு 6 முதல் 8 மோதல்களை எதிர்பார்க்கிறது. வேலைக்குப் போய்வந்து உட்காருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

அதே நூலில் ஒரு மாற்று விதி இருக்கிறது: குறு ஓய்வு 8 மணி நேரம், நெடு ஓய்வு 7 நாள். அதைப் பிடித்துக்கொண்டேன். மோதல்கள் பயணம் முழுவதும் பரவின. வழியில் இரண்டு இரவு தூங்கினால் வார்லாக்குக்கு மொத்தம் 6 வாய்ப்புகள். விசார்டு இப்போது எண்ணி எண்ணித்தான் செலவழிக்கிறார், முணுமுணுப்போடு. 8 மணி நேரம் நீடிக்கும் கவச மந்திரம் மட்டும் இதில் அடிபட்டது. அதன் காலத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

வேகத்துக்குத் தனி வைத்தியம்: தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்ட வேண்டும். அடுத்த முறை யாருடையது என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்.