சமூக ஊடக மார்க்கெட்டிங்: தினமும் 30 நிமிடப் பழக்கத்தை உருவாக்குவது எப்படி?

சிறுதொழில் செய்பவர்கள் பலர் "இனிமேல் தினமும் ஒரு போஸ்ட்" என்று உற்சாகமாகத் தொடங்குகிறார்கள். முதல் வாரம் ஏழு நாளும் போடுவார்கள். இரண்டாம் வாரம் நான்கோடு நிற்கும். மூன்றாம் வாரம் "என்ன போடுவது?" என்று யோசித்தே ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குப் பிறகு பக்கம் அப்படியே கிடக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. ஒரு போஸ்ட் என்பது யோசிப்பது, படம் எடுப்பது, எழுதுவது, திருத்துவது, வெளியிடுவது என ஐந்து வேலை. ஐந்தையும் ஒரே நாளில், அதுவும் தினமும் செய்வது முழுநேர ஊழியருக்கே பாரம். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதில் சொல்வதும் குறிப்பு எடுப்பதும் தினசரி வேலை. போஸ்ட் தயாரிப்பது வாராந்திர வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: ஒரே ஒரு தளம்

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், லிங்க்ட்இன் என்று எல்லாவற்றிலும் கால் வைக்க வேண்டாம். இப்போது உங்களிடம் வாங்குபவர்கள் பத்துப் பேரிடம், எந்த ஆப்பை அதிகம் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அதிகம் பேர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற தளங்களில் உங்கள் பெயரில் ஒரு கணக்கை மட்டும் பதிந்து வைத்தால் போதும்.

இன்ஸ்டாகிராம் என்றால் செட்டிங்ஸில் போய்க் கணக்கை புரொஃபஷனல் வகைக்கு மாற்றுங்கள். சாதாரணக் கணக்கில் இன்சைட்ஸ், அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள், சேவ் செய்தார்கள் என்ற எண்கள், கிடைக்காது. புரொஃபஷனல் கணக்கில் பிசினஸ், கிரியேட்டர் என்று இரண்டு வகை உண்டு. பிசினஸ் கணக்குக்குப் பிரபலமான பாடல்கள் பல கிடைக்காது, ஏனென்றால் அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தத் தனி உரிமம் வேண்டும். வேறு வழியில் பாட்டைச் சேர்த்தால், சில நாளில் வீடியோவின் ஒலி அணைக்கப்படலாம். உங்கள் குரலையே பதிவு செய்து போடுவது பாதுகாப்பு, வாங்குபவருக்கு அதில் நம்பிக்கையும் கூடும்.

படி 2: பழைய பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்" என்றால் நேரம் கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்னால் இதைக் கட்டுங்கள். ஒரு தாளில் இப்படி எழுதி மேசை மேல் ஒட்டுங்கள்: "காலைக் காபி குடித்து முடித்ததும், அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்பாக்ஸைத் திறப்பேன்." எப்போது, எங்கே, எந்த முதல் செயல் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

பழக்கம் படிய 21 நாள் போதும் என்று பலர் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. அதில் ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனவே நாலாவது வாரத்தில் இன்னும் இழுத்துப் பிடித்துத்தான் செய்கிறீர்கள் என்றால், அது இயல்பான கட்டம்தான்.

படி 3: முப்பது நிமிடத்தைப் பங்கிடுங்கள்

ஃபோனில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 15 நிமிடம் மெசேஜுக்கும் கமெண்டுக்கும் பதில். அடுத்த 5 நிமிடம் குறிப்பு எழுத. பிறகு 7 நிமிடம் மற்றவர்கள் பக்கத்தில் கமெண்ட் போட. கடைசி 3 நிமிடம், நாளைக்குத் தானாக வெளியாகும்படி ஷெட்யூல் செய்த போஸ்டை ஒருமுறை சரிபார்க்க.

இந்தத் திட்டம் உடைவது பெரும்பாலும் முதல் நிமிடத்தில்தான். பதில் சொல்லலாம் என்று ஆப்பைத் திறந்தால் மற்றவர்களின் போஸ்ட்கள் வரிசையாக வரும் முகப்பு ஃபீட் வந்து நிற்கும், விரல் தானாக ஸ்க்ரோல் செய்யும், இருபது நிமிடம் காணாமல் போகும். மன உறுதியை நம்ப வேண்டாம், பாதையை மாற்றுங்கள். ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டின் மெசேஜ்களும் கமெண்டுகளும் ஒரே இன்பாக்ஸில் வந்துவிடும். யூடியூப் என்றால் யூடியூப் ஸ்டுடியோ ஆப். இப்படித் தனி ஆப்பில் பதில் சொன்னால் ஃபீட் கண்ணில் படாது.

படி 4: பதில் சொல்வதுதான் மார்க்கெட்டிங்

முப்பது நிமிடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாக ஆள் பிடிப்பதை விட, கேள்வியோடு வாசல் வரை வந்துவிட்டவரை உள்ளே அழைப்பது எளிது. அவர் கேட்டதை இன்னும் பலர் கேட்காமல் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பதிலுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் புகார்கள், அடுத்து விலை, அளவு, டெலிவரி பற்றிய கேள்விகள், கடைசியில் பாராட்டுகள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாராட்டுக்கு உடனே நன்றி சொல்லிவிட்டு, புகாரை நாளைக்குத் தள்ளுகிறார்கள். நாளைக்குள் அந்தப் புகாருக்குக் கீழே இன்னும் மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள்.

ஓர் உதாரணம். துணிப்பை தைத்து விற்பவரின் படத்துக்குக் கீழே ஒருவர் கேட்கிறார்: "இதுல லேப்டாப் வைக்கலாமா?" அதற்கு "வைக்கலாம்" என்று ஒரே சொல்லில் முடித்தால் பேச்சும் முடிந்துவிட்டது. இப்படி எழுதிப் பாருங்கள்: "15 அங்குல லேப்டாப் சார்ஜரோட தாராளமா போகும். 17 அங்குலம்னா ஜிப் மூடாது. உங்களோடது எத்தனை அங்குலம்?" முதல் வரி பதில். இரண்டாவது வரி பையால் முடியாததைச் சொல்கிறது, நம்பிக்கை பிறப்பது அங்கேதான். மூன்றாவது வரி அவரை மறுபடி பேச வைக்கிறது.

விலை கேட்பவர்களிடம் "டிஎம் பாருங்க" (தனி மெசேஜில் பாருங்கள்) என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். விலையை அங்கேயே எழுதுங்கள். அளவுக்கு ஏற்ப மாறும் என்றால் தொடக்க விலையை எழுதி, எதனால் மாறுகிறது என்று ஒரு வரி சேருங்கள். மறைத்தால், ஏமாற்றப் பார்க்கிறார்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

புகார் வந்தால் அழிக்காதீர்கள். "தவறு எங்களுடையது, ஆர்டர் எண்ணை மெசேஜில் அனுப்புங்கள், இன்று மாலைக்குள் பார்த்துச் சொல்கிறோம்" என்று பொதுவில் எழுதிவிட்டு, மீதியை இன்பாக்ஸில் பேசுங்கள். பிரச்சினை தீர்ந்ததும் அதே கமெண்டுக்குத் திரும்பி வந்து "பை மாற்றி அனுப்பிவிட்டோம்" என்று எழுத வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். அடுத்து வருபவர் கண்ணில் புகார் மட்டும் நிற்கிறது, தீர்வு தெரிவதில்லை.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளை அமைத்துக்கொள்ளலாம். சாய்கோடும் நீங்கள் வைத்த சுருக்கச் சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். அனுப்பும் முன் அவர் பெயரையாவது சேருங்கள். அப்படியே அனுப்பினால் இயந்திரம் பேசுவது போலிருக்கும்.

இன்பாக்ஸில் ஓர் ஆபத்தும் உண்டு. "காப்புரிமையை மீறிவிட்டீர்கள், 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று தளத்தின் பெயரிலேயே மெசேஜ் வரும். அழுத்தாதீர்கள். உண்மையான அறிவிப்பு என்றால், இன்ஸ்டாகிராமில் செட்டிங்ஸில் உள்ள அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் பகுதியிலேயே தெரியும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

படி 5: கேள்வி நோட்டு

ஐந்து நிமிடத்தில் அன்று வந்த கேள்விகளை எழுதுங்கள். சுருக்கவோ அழகாக்கவோ வேண்டாம், அவர்கள் எழுதிய சொற்களிலேயே எழுதுங்கள். "மடிக்கணினிப் பொருத்தம்" என்று எழுதினால் பயனில்லை. "இதுல லேப்டாப் வைக்கலாமா" என்றே இருக்கட்டும், நாளை தேடுபவரும் அதே சொற்களைத்தான் பயன்படுத்துவார். கேள்வி வராத நாளில் வாங்க வந்தவர் நேரில் கேட்டது, வாங்காமல் போனவர் சொன்ன காரணம், இவற்றை எழுதலாம்.

வாரக் கடைசியில் நோட்டில் பத்து வரியாவது சேர்ந்திருக்கும். "என்ன போடுவது?" என்ற கேள்வி அங்கே தீர்ந்துவிடும். மேலே பார்த்த லேப்டாப் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அளவு லேப்டாப்பை அந்தப் பையில் வைத்துக் காட்டும் 20 நொடி வீடியோ. கேப்ஷனின், அதாவது வீடியோவோடு எழுதும் குறிப்பின், முதல் வரி: "17 அங்குல லேப்டாப் வைத்திருக்கிறீர்களா? இந்தப் பை வேண்டாம்." தகுந்தவர் தனக்கு இது பொருந்தும் என்று உறுதியாக வாங்குவார், பொருந்தாதவர் வாங்கித் திருப்பி அனுப்ப மாட்டார்.

படி 6: மற்றவர்கள் பக்கத்தில் ஐந்து கமெண்ட்

உங்கள் வாடிக்கையாளர்கள் கூடும் பக்கங்கள் பத்தைப் பட்டியலிடுங்கள். தினம் ஐந்தில் உருப்படியான ஒரு வரி எழுதினால் போதும். "சூப்பர்" என்பது யாருக்கும் உதவாது. ஒரே வரியை எல்லா இடத்திலும் ஒட்டினால் தளம் அதை ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டு, கமெண்ட் போடுவதையே சில நாள் நிறுத்திவைக்கலாம்.

படி 7: வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம்

ஒரே உட்காரலில் மூன்று போஸ்ட் தயாரியுங்கள். தொடக்கத்துக்கு வாரம் மூன்று போதும். முதல் அரை மணி நேரத்தில் மூன்றுக்கும் எழுதுங்கள், அடுத்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் படம் எடுங்கள், கடைசி அரை மணி நேரத்தில் ஷெட்யூல் செய்யுங்கள். ஒவ்வொரு போஸ்டாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். விளக்கையும் இடத்தையும் மூன்று முறை அமைக்க நேர்ந்தால் நேரம் இரட்டிப்பாகும்.

ரீல்ஸுக்கு 1080க்கு 1920 பிக்சல், செங்குத்தாக. ஃபீட் படத்துக்கு 1080க்கு 1350. ரீல்ஸில் எழுத்தைத் திரையின் நடுப்பகுதியில் வையுங்கள். அடிப்பகுதியில் வைத்தால் கணக்கின் பெயரும் கேப்ஷனும் மேலே வந்து மூடும். கேப்ஷனின் முதல் ஓரிரு வரிக்குப் பிறகு 'மோர்' என்று மடங்கிவிடும். விஷயத்தை அதற்குள் சொல்லிவிட வேண்டும். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கினால் அந்த இடம் வீண்.

ஷெட்யூல் செய்ததை மறந்துவிடக் கூடாது. சரக்கு தீர்ந்த பொருளுக்கு விளம்பரம் போகும், முடிந்துபோன தள்ளுபடி மறுபடி வரும். ஊரே துயரத்தில் இருக்கும் நாளில் "கொண்டாடுங்கள்" என்று ஒரு போஸ்ட் வெளியாகும். தினமும் அந்த 3 நிமிடச் சோதனையை வைத்தது இதற்காகத்தான்.

படி 8: எண்களை வாரம் ஒருமுறை மட்டும்

தினமும் பார்த்தால் ஒரு நாள் ஏற்றத்துக்குத் துள்ளுவோம், மறுநாள் இறக்கத்துக்குத் துவண்டு திட்டத்தையே மாற்றுவோம். ஒரு போஸ்டின் எண் பல காரணங்களால் ஏறி இறங்கும். வாரத்தில் ஒரே நாளில், 15 நிமிடத்தில் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் சேவ் அல்லது ஷேர் செய்தார்கள், எத்தனை பேர் வாங்குவது பற்றி விசாரித்தார்கள், ஃபாலோ செய்யாதவர்கள் எத்தனை பேரைப் போஸ்ட் எட்டியது. லைக் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், பழக்கத்தில் தட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம். யூடியூப் என்றால், பார்ப்பவர்கள் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் வரைபடத்தின் முதல் 30 நொடியைப் பாருங்கள். அங்கேயே கோடு செங்குத்தாக இறங்கினால் தலைப்பில் சொன்னதை வீடியோ உடனே தரவில்லை என்று பொருள்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நேரம், வடிவம், பொருள் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் விட்டுப்போனால்

காய்ச்சல், பயணம், கல்யாண வீடு என்று எது வந்தாலும் சில நாள் விடுபடும். மேலே சொன்ன ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. முடியாத நாளுக்கென்று ஐந்து நிமிட வடிவம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: புகாருக்கும் விலைக் கேள்விக்கும் மட்டும் பதில், வேறெதுவும் இல்லை.

மூன்று நான்கு நாள் போய்விட்டால், விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் நான்கு போஸ்ட் போட வேண்டாம். "மன்னிக்கவும், சில நாள் வர முடியவில்லை" என்ற அறிவிப்பும் தேவையில்லை. இன்பாக்ஸைத் திறந்து, மிகப் பழைய மெசேஜிலிருந்து தொடங்குங்கள். "பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, இன்னும் தேவைப்படுகிறதா?" என்று கேட்டுவிட்டு, அவர் கேட்டதற்கான பதிலையும் அதிலேயே எழுதி அனுப்புங்கள்.