வாள் எத்தனை கிலோ, யானைக்கு எத்தனை டன்? போர்க்கதை பேசுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கோடை விடுமுறைக்குச் சேலத்திலிருந்து வந்த அக்கா மகன், கையோடு ஒரு பேச்சுப்போட்டிக் கட்டுரையையும் கொண்டுவந்திருந்தான். ‘காலந்தோறும் போர்க்கருவிகள்’ என்று தலைப்பு. எட்டுப் பக்கம். முதல் வாசிப்பில் எதுவும் உறுத்தவில்லை. அதில் இருந்ததையெல்லாம் நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான், சிலவற்றை மேடையேறிப் பேசியும் இருக்கிறேன். பெங்களூருக்கு வந்து, அல்சூரில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை, அருங்காட்சியகம் என்று சுற்ற ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

சரி, உட்காரவைத்துப் பாடம் எடுப்பதைவிட நேரில் காட்டலாம் என்று மறுநாள் கே.ஆர். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். பூ வாங்க வருகிற கூட்டம் பக்கத்தில் நிற்கும் கோட்டையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1761இல் ஹைதர் அலி கல்லால் எடுத்துக் கட்டிய கோட்டை அது. இன்றைக்கு டில்லி வாசலும் சுவரில் கொஞ்சமும்தான் மிச்சம். அந்தச் சுவரில் ஒரு கல்பலகை உண்டு: 1791 மார்ச் 21, இந்த உடைப்பின் வழியாகத்தான் ஆங்கிலேயர் தாக்கினார்கள் என்று. பையன் அதைப் படித்துவிட்டு, “மாமா, திப்புகிட்ட ராக்கெட் இருந்துச்சே, அப்புறம் எப்படி உள்ள வந்தாங்க?” என்றான்.

நல்ல கேள்வி. அவன் கட்டுரையின் முதல் தவறும் அதற்குள்ளேயே இருந்தது. உலகின் முதல் ராக்கெட்டைத் திப்பு கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தான். வெடிமருந்து அடைத்த வாணங்களைச் சீனர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே போரில் விட்டார்கள். முகலாயர், மராத்தியர் படைகளிலும் ‘பாண்’ என்ற வாணம் இருந்தது. மைசூர்க்காரர்கள் செய்தது வேறு காரியம். காகிதத்துக்கும் மூங்கிலுக்கும் பதிலாக இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்தார்கள். இரும்பு அழுத்தம் தாங்கும், அதனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாயும். அதைவிட முக்கியம், ராக்கெட் விடுவதற்கென்றே பழக்கிய ஆட்களைத் தனிப் பிரிவாகப் படையில் வைத்தார்கள். 2018இல் ஷிமோகா மாவட்டத்து நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது துருப்பிடித்த ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. இங்கே சுட்ட வாணங்களைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார், அது 1807இல் கோபன்ஹேகன் நகரத்தைக் கொளுத்தியது. பெருமைப்பட இவ்வளவு இருக்கும்போது ‘உலகின் முதல்’ எதற்கு?

இனி பையன் கேள்விக்கு வருவோம். ராக்கெட் எங்கே விழும் என்று விட்டவனுக்கே உறுதி கிடையாது. நெருக்கமாக நிற்கும் காலாட்படை, குதிரை, வண்டிமாடு இவற்றைக் கலைக்க அதைப்போல ஒன்று கிடையாது. கற்சுவருக்குள் இருந்துகொண்டு, சிதறி வந்து பதுங்குகிற முற்றுகைப்படையை விரட்ட அது உதவாது. ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய காரன்வாலிஸ் முதலில் மார்ச் 7இல், கோட்டையை ஒட்டியிருந்த ஊரான பேட்டையைப் பிடித்தார். அதன் வீடுகளையும் சுவர்களையும் மறைவாக வைத்துக்கொண்டு கனத்த பீரங்கிகளை நிறுத்தி, ஒரே இடத்தில் நாள்கணக்காக அடித்துச் சுவரைச் சரித்தார். 21ஆம் தேதி இரவில் உள்ளே பாய்ந்தார்கள். கோட்டைத் தலைவரான கில்லேதார் பகதூர் கான் சண்டையிட்டே மடிந்தார். ஆக, ‘எந்த ஆயுதம் பெரியது’ என்று கேட்பதே தப்பு. எந்த இடத்தில், எதை எதிர்த்து என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த பொள்ளிலூர்ச் சண்டைக்கும் இதே கதிதான். ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையில் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை குலைந்தது. அந்த வெற்றி முழுவதையும் நாம் ராக்கெட் கணக்கில் எழுதிவிடுகிறோம். மைசூர்ப் பீரங்கிகள் எங்கே போயின? குதிரைப்படை? பெய்லிக்குக் கைகொடுக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ பக்கத்துக் காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு கருவி ஒரு போரை ஜெயித்தது என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

பெங்களூரைப் பிடித்த காரன்வாலிஸ் அடுத்து என்ன ஆனார் என்பதைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இந்தப் போரிலேயே பிடித்த பகுதி அதுதான். மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். அரக்கெரே பக்கத்துச் சண்டையில் அவர் கைதான் ஓங்கியது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, காவிரி பெருகியது, தீனி கிடைக்காமலும் நோய் கண்டும் வண்டிமாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. இழுக்க மாடில்லாத பீரங்கி வெறும் இரும்பு. தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டு பெங்களூர்ப் பக்கம் திரும்பினார். அடுத்த முறை, 1792 பிப்ரவரியில், பஞ்சாரா வியாபாரிகளின் பொதிமாட்டு வரிசைகள் தானியம் சுமந்து கூடவே வர, மீண்டும் போய் முற்றுகை போட்டார். மார்ச்சில் திப்பு பாதி நாட்டையும் இரண்டு மகன்களையும் கொடுத்து உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. பள்ளிப் பாடத்தில் அந்த மாடுகளுக்கு ஒரு வரிகூட இல்லை.

தீனி என்றதும் எண்ணிக்கைகள் ஞாபகம் வருகின்றன. கட்டுரையில் ஓரிடத்தில் ‘பத்தாயிரம் யானைகள் மோதின’ என்றிருந்தது. மகாபாரதக் கணக்கில் ஓர் அக்குரோணி என்ற படைத்தொகுதியில் 21,870 யானை. பதினெட்டு அக்குரோணிக்கு 3,93,660. இன்றைக்கு இந்தியக் காடுகளில் இருக்கும் காட்டு யானைகள் முப்பதாயிரத்தைத் தொடாது. வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும். ஆயிரம் யானைக்கு 150 டன், அதாவது தினமும் பதினைந்து லாரித் தழை, லாரியே இல்லாத காலத்தில். குளத்தையும் காலி செய்துவிடும். ஆயிரம் யானையை வென்றவனுக்கே பரணி பாடலாம் என்று நம் இலக்கணம் சொல்வதும் இப்படித்தான். அது புலவன் வைத்த அளவுகோல், படைக்கணக்கன் எழுதிய வருகைப்பதிவேடு கிடையாது. அதற்காக எண்ணைப் பொய் என்று தூக்கிப் போடவும் வேண்டாம். எழுதியவன் எதைப் பெரிதாகக் காட்ட விரும்பினான் என்பதை அது சொல்கிறது.

யானை என்பது அந்தக் காலத்து டாங்கி என்கிற ஒப்புமையையும் விட்டுவிடலாம். கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல்லைப் பற்றிச் சொன்னால் இது புரியும். தமிழ்நாட்டில் தக்கோலம் என்ற ஊரில் 949இல் நடந்த சண்டையைப் பேசுகிற கன்னடக் கல்வெட்டு. பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் அங்கே யானை மேலிருந்தபடி இறந்தான். ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ என்று பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் அவனைக் குறிப்பது அதனால்தான். கல் அவனைக் கொன்ற பெருமையை, இராஷ்டிரகூடருக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனுக்குக் கொடுக்கிறது. சோழர் செப்பேடோ, இராஷ்டிரகூடன் கிருஷ்ணனின் அம்பு மார்பில் பாய்ந்ததாகச் சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு முடிவு கட்டுவது இன்னொரு வழக்கமான சறுக்கல்.

எப்படி இறந்தான் என்பதைவிட எங்கே உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. யானை முதுகு தலைவனுக்குப் போர்க்களத்தைக் காட்டும், படைக்குத் தலைவனைக் காட்டும். எதிரிக்கும் காட்டும். 1556இல் இரண்டாம் பானிபட் போரில், அக்பரின் படையை எதிர்த்து யானை மேலிருந்த ஹேமுவின் கண்ணில் அம்பு தைத்ததும் ஜெயித்துக்கொண்டிருந்த படை ஓடியது. 1658இல் ஆக்ராவுக்குப் பக்கத்துச் சமுகரில் முகலாய இளவரசன் தாரா ஷிகோ யானையை விட்டுக் குதிரைக்கு மாறினான். அம்பாரி காலியாக இருப்பதைப் பார்த்த படை அவன் செத்தான் என்று நினைத்துக் கலைந்தது. மோதி உடைப்பதற்கு மட்டுமல்ல, படைக்கு நடுவில் நடமாடும் கொடிக்கம்பமாகவும் யானை இருந்தது. கம்பம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் அதன் பலத்தை எடைபோட வேண்டும்.

(பையனுக்கு அந்தக் கல்லில் பிடித்தது வேறு. அதை நட்டதே காளி என்ற வேட்டை நாய்க்காக. தக்கோலத்தில் வீரம் காட்டிய மணலேரன் என்பவன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டு வாங்கிய நாய் அது. ஒரு காட்டுப்பன்றியோடு சண்டைபோட்டு இரண்டும் செத்தன. கல்லில் நாயும் பன்றியும் இருக்கின்றன. சோழ இளவரசன் எழுத்தில் மட்டும்தான்.)

வாள் எடைக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் 80 கிலோ ஈட்டி, 25 கிலோ வாள் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் வீசும் போர்வாள் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். ஐரோப்பாவின் இரண்டு கைப் பெருவாள்கூட மூன்று கிலோவை ஒட்டித்தான். ஊர்வலத்துக்கும் கொலுவுக்கும் செய்தவை கனமாக இருக்கலாம், அவற்றை யாரும் களத்துக்குக் கொண்டுபோகவில்லை. நம்பாவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தை ஒரு கையில் பிடித்து ஐந்து நிமிஷம் வீசிப் பாருங்கள். பையன் இரண்டாவது நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டான். ‘டமாஸ்கஸ் வாள்’ என்றதும் சிரியாவில் பிறந்த உருக்கு என்று எழுதுவதும் அரைக்கதைதான். மூசை என்ற மண்குடுவையில் உருக்கிய அந்த எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் கட்டிகளாகக் கப்பலேறியது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் உருக்குச் செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு விழுந்த ‘வூட்ஸ்’ என்ற பெயரே கன்னட ‘உக்கு’வின் திரிபு என்பார்கள்.

‘வெடிமருந்து வந்தது, பழைய போர்முறை ஒழிந்தது’ என்ற வரியும் கட்டுரையில் இருந்தது. 1526இல் முதல் பானிபட் போரில் பாபர் ஜெயித்தது பீரங்கியால் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். அவர் வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து வரிசையாக நிறுத்தி, இடையில் துப்பாக்கிக்காரர்களையும் பீரங்கிகளையும் வைத்தார். அது எதிரியைத் தடுத்து நெரிக்க. டில்லி சுல்தான் இப்ராஹிம் லோடியின் படையை இருபுறமும் சுற்றி வளைத்து முடித்தது குதிரையேறிய வில்லாளிகள், மத்திய ஆசியாவின் பழைய வித்தை. பாபருக்குக் கைகொடுத்தது அந்தக் கலவைதான்.

எட்டுப் பக்கத்தில் நான் கைவைக்காமல் விட்டது ஒரே ஒரு பத்தி. ‘பெங்களூர் டார்பிடோ: கப்பல்களைத் தகர்க்க இந்நகரில் கண்டுபிடிக்கப்பட்ட ஆயுதம்’ என்றிருந்தது. பெயர் பெங்களூர், தேதி 1912, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கேப்டன் மெக்ளின்டாக், எல்லாம் சரியாக இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் கீழ்வீட்டுச் சுபேதார் வந்தார். அல்சூர் ஏரிக்கரையில் முகாம் கொண்ட அந்தப் படையில்தான் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அந்தப் படைக்காரர்களுக்கே ‘தம்பி’ என்றுதான் பட்டப்பெயர். பையன் கட்டுரையை அவரிடமும் நீட்டினான். அந்தப் பத்தியில் விரலை வைத்தார். எழுந்துபோய் மாடியில் துணி காயப்போடும் இரண்டு குழாய்த் துண்டுகளைக் கொண்டுவந்தார், ஒன்றின் முனையில் இன்னொன்றைச் செருகினார், தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து ரோஜாத் தொட்டிகளுக்கு அடியில் தள்ளிக் காட்டினார். குழாய்க்குள் வெடிமருந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே எட்டத்தில் இருந்தபடி முள்கம்பி வேலிக்கு அடியில் செருகி வெடித்தால் ஆள் போக வழி திறக்கும். 1944இல் நார்மண்டிக் கரையில் அமெரிக்கர்கள் வேலியை உடைத்ததும் இதை வைத்துத்தான்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அவர் பையனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்: “ஏன் தம்பி, இந்த ஊர்ல கடல் எங்க இருக்கு?”