புளூடூத் இயர்போனில் பாட்டு மங்கலாகக் கேட்கிறதா? முதலில் போனைப் பாருங்கள்

புது இயர்போன் வாங்கிய முதல் வாரம் முழுக்க எனக்கு எரிச்சல்தான். பழைய வயர் இயர்போனில் கணீரென்று கேட்ட பாட்டு, இதில் போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல வந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கோளாறு போனில், அதுவும் ஒரே ஒரு சுவிட்சில். இயர்போனை போனோடு இணைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செட்டிங்ஸுக்குள் போகும் முன் இயர்போன் முனையில் இருக்கும் ரப்பரை மாற்றிப் பாருங்கள். காதை அது சரியாக அடைக்காவிட்டால் பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) வெளியே கசிந்துவிடும், எந்த ஈக்வலைசராலும் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எனக்கே இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவுதான் பொருந்துகிறது. அப்புறம் பாட்டு கேட்கும் ஆப்பில் ஆடியோ தரம் டேட்டாவை மிச்சப்படுத்தும் நிலையில் இருந்தால் அதை உயர்த்திவிடுங்கள்.

கோடெக்: நான் மாட்டிக்கொண்ட இடம்

புளூடூத்தில் பாட்டு அப்படியே போவதில்லை. போன் அதைச் சுருக்கி அனுப்பும், இயர்போன் பிரித்துக் கொடுக்கும். அந்தச் சுருக்கும் முறைதான் கோடெக். எஸ்பிசி என்ற கோடெக் எல்லா புளூடூத் இயர்போனிலும் கட்டாயம் இருக்கும். ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டாக் எல்லாம் போன், இயர்போன் இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டுக்கும் பொதுவான வேறு கோடெக் இல்லாவிட்டால் எஸ்பிசியில் போய் நிற்கும்.

ஆண்ட்ராய்டில் எது ஓடுகிறது என்று பார்க்க, அபவுட் போனுக்குள் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். இயர்போனை இணைத்து, பாட்டை ஓடவிட்டு, அங்கே புளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரியைத் திறங்கள். பாட்டு ஓடாமல் பார்த்தால் சில போன்களில் சரியாகக் காட்டாது. என் போன் எஸ்பிசி என்றது. எல்டாக்கைத் தேர்ந்தெடுத்தேன், வெளியே வந்து திரும்பப் போனால் மறுபடி எஸ்பிசி. போனை ரீஸ்டார்ட் செய்தேன், இயர்போனை மறக்கச் சொல்லி மறுபடி இணைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் மாலை இதிலேயே போனது.

அந்த மெனுவில் எதுவும் நிலைக்காததற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. புளூடூத் பட்டியலில் இயர்போன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டினால், எச்டி ஆடியோ என்று ஒரு சுவிட்ச் வரும் (சில போன்களில் எல்டாக் அல்லது ஏஏசி என்று கோடெக்கின் பெயரே இருக்கும்). அது ஆஃபில் இருந்தது. ஆன் செய்ததும் ஒரு நொடி பாட்டு நின்று திரும்பியது, அவ்வளவுதான், போர்வை விலகிவிட்டது. நீங்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கமே போகாமல் முதலில் இதைப் பாருங்கள்.

எல்டாக் கிடைத்தவர்கள் உடனே அதன் உச்ச வேகமான 990 கேபிபிஎஸ்ஸை (நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவு) தேர்ந்தெடுக்காதீர்கள். போன் பாக்கெட்டில் இருந்தாலோ, சுற்றி வைஃபை நிறைய இருந்தாலோ பாட்டு விட்டுவிட்டு வரும். சிக்னலைப் பொறுத்துத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் நிலையில் விடுவதுதான் நல்லது. 990க்கும் அடுத்த படியான 660க்கும் வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை, கேட்கிறது என்பவர்களோடு சண்டைக்கும் வரமாட்டேன்.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டுமே, தேர்ந்தெடுக்கவும் முடியாது.

ஈக்வலைசர்

போனில் ஒன்று, இயர்போன் ஆப்பில் ஒன்று, பாட்டு ஆப்பில் ஒன்று என்று மூன்று இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சத்தம் கரகரக்கும். இயர்போன் ஆப்பில் இருப்பதுதான் என் தேர்வு, ஏனென்றால் பெரும்பாலும் அந்த அமைப்பு இயர்போனிலேயே பதிந்து எந்தப் போனோடு இணைத்தாலும் கூட வரும். அந்த வசதி இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஈக்வலைசர் ஆப் போதும். உங்கள் மாடலின் பெயர் அதன் பட்டியலில் இருந்தால் திருத்தத்தை அதுவே போட்டுவிடும். கையால் செய்வதானால் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. குரல் மொத்தமாக மூடிக் கேட்டால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள், 'ச', 'ஸ' காதைக் குத்தினால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 'பேஸ் பூஸ்ட்' என்ற பட்டனை நான் தொடுவதே இல்லை.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், எல்லாம் செய்தும் விளையாடும்போது மட்டும் பழைய ரேடியோ மாதிரி கேட்கிறது என்றார். விளையாட்டில் வாய்ஸ் சாட் ஆனில் இருந்திருக்கிறது. இயர்போனின் மைக் வேலை செய்யத் தொடங்கினால் வழக்கமான புளூடூத் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும், அதில் ஒலி மோனோதான், தரமும் பாதாளத்துக்குப் போய்விடும். இதற்கு மேலே சொன்ன கோடெக் எதுவும் உதவாது. இயர்போன் மைக்கை விட்டுவிட்டு போன் மைக்கில் பேச அந்த ஆப் அனுமதித்தால் சரியாகும்.

இன்னொருவருக்கு எச்டி ஆடியோ ஆன் செய்தும் எல்டாக் வரவில்லை. ஒரே நேரத்தில் லேப்டாப்போடும் இணைக்கும் மல்டிபாயின்ட்டை இயர்போன் ஆப்பில் போட்டு வைத்திருந்தார். பல மாடல்களில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அவர் லேப்டாப் இணைப்பையே வைத்துக்கொண்டார்.