ஜிபிஏ குறைவெண்டா வெளிநாட்டு எம்பிஏக்கு எப்பிடி அப்ளை பண்ணுறது

ஏ.எல் எழுதின ஆக்களுக்கு இசட் ஸ்கோர் எண்டா என்னெண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை, வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை குறைஞ்சாலும் கம்பஸ் இல்லை. அந்தப் பயத்தோடயே எங்கட பிள்ளையள் வெளிநாட்டு எம்பிஏயையும் பாக்கினம். அங்க பெரும்பாலும் அப்பிடி வெட்டுப்புள்ளி இல்லை, ஜிபிஏ (கம்பஸ் பாடங்களின்ர சராசரிப் புள்ளி), ஜிமாட் (எம்பிஏக்கு எழுதுற நுழைவுச் சோதினை), வேலை அனுபவம், கட்டுரை எல்லாத்தையும் சேத்துத்தான் பாப்பினம்.

போன கிழமை திருநெல்வேலிச் சந்தியில பிளேன்டீ குடிச்சுக்கொண்டு நிக்கேக்க ஒரு தம்பி கம்பஸ் தந்த மார்க்ஸ் ஷீட்டை (ட்ரான்ஸ்கிரிப்ட்) நீட்டினார். ஜிபிஏ 3.12, செகண்ட் லோவர். முதல் வருசம் ஸ்டாட்ஸ்ல சி மைனஸ், கடைசி வருசம் முழுக்க ஏயும் பி பிளஸ்ஸும். "அண்ணை, இதை நூறுக்கு மாத்திப் போடட்டோ?" எண்டார். ஐயோ, உந்த வேலை மட்டும் வேண்டாம். நீங்கள் அப்ளை பண்ணுற எம்பிஏ ஸ்கூல் தானா மாத்தச் சொல்லிக் கேட்டாலொழிய கம்பஸ் தந்த அளவிலயே போடுங்கோ. அவை வருசா வருசம் ஏறினதா இறங்கினதா, கணக்குப் பாடங்களில என்ன எண்டுதான் தேடுவினம், அந்தத் தம்பிக்கு ஏறுமுகம் நல்லம், சி மைனஸ்தான் இடிக்குது. அதுக்கு ஆப்ஷனல் எஸ்ஸேல (விரும்பினா மட்டும் எழுதுற மேலதிகக் கட்டுரை) ரெண்டு மூண்டு வரி காணும், ஒப்பாரி வைக்காதேங்கோ.

ஜிபிஏ முடிஞ்ச கதை, ஜிமாட் இன்னும் உங்கட கையில. இப்ப இருக்கிறது 205இல இருந்து 805 வரைக்கும், குவான்ட் (கணக்கு), வெர்பல் (இங்கிலிஷ் வாசிப்பு), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுறது) எண்டு மூண்டு பகுதி, ஒவ்வொண்டும் 45 நிமிசம். குவான்ட்டுக்கு கால்குலேட்டர் இல்லை, ஜியோமெட்ரியையும் தூக்கிட்டினம். பழைய ஜிமாட் வீடியோக்களைப் பாத்திட்டு 700 எடுக்கோணும் எண்டு மண்டையை உடைக்கிறவை கனபேர், புதுசில 645 எடுத்தாலே கிட்டத்தட்ட அந்தப் பழைய 700 நிலைதான். கணக்கில சி எடுத்த ஆக்கள் மொத்தத்தை விட குவான்ட் ஸ்கோரில கண் வையுங்கோ, சந்தேகத்துக்குப் பதில் அங்கதான். சீமா (கணக்கியல் தொழில்முறைப் படிப்பு) செய்திருந்தா அந்த மார்க்ஸையும் சேருங்கோ.

ஸ்கூலின்ர கிளாஸ் புரொஃபைல்ல (அங்க சேந்த பிள்ளையளின்ர விபரம்) சராசரி ஜிமாட் ஸ்கோர் கிடக்கும், ஜிபிஏ குறைஞ்ச ஆள் அதுக்குக் கொஞ்சம் மேல நிண்டாத்தான் நல்லம். வராட்டி 16 நாள் விட்டுத் திரும்ப எழுதலாம், 12 மாசத்தில 5 தரம், ஸ்கோர் 5 வருசம் செல்லும். வீட்டில இருந்து ஒன்லைன்ல எழுதிறதெண்டா கரண்ட் போனா ரவுட்டர் எதில ஓடும் எண்டதை முதல் நாளே பாத்து வையுங்கோ.