பரங்கி சூப்: வேகவைக்காதீர்கள், சுடுங்கள்

அக்டோபர் வந்தால் டொரொண்டோ கடைகளில் பட்டர்நட் ஸ்குவாஷ் குவிந்து கிடக்கும். நம்ம பரங்கிக்காயின் இனம்தான். சூப்புக்காக அதைத் தண்ணீரில் வேகவைத்தால் சப்பென்று ஆகிவிடும். நீளவாக்கில் பிளந்து, விதையைச் சுரண்டி, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் வையுங்கள். ஓரம் கருஞ்சிவப்பாகி, கரண்டியால் அழுத்தினால் பொதக்கென்று இறங்க வேண்டும். தோல் சீவும் ரோதனையும் இல்லை. வெந்த சதையை அப்படியே வழித்துக்கொள்ளலாம்.

அதே தட்டில் ஒரு வெங்காயம், இரண்டு கேரட், நாலு பல் பூண்டு. பூண்டை மட்டும் உரிக்காமல் போடுங்கள், உரித்தால் கருகிக் கசக்கும்.

இன்னொரு பக்கம், கைப்பிடி மசூர் பருப்பை மூன்று கப் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். க்ரீம் இல்லாமலே சூப் கெட்டியாகும். எல்லாவற்றையும் ஆறவைத்து, பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்து, மிக்ஸியில் அரையுங்கள். போன வருடம் அவசரப்பட்டுச் சூடாகவே அரைத்தேன். மூடி பறந்து கூரை வரை சூப்.

அப்புறம் உப்புப் போட்டு ஒரு கொதி. வெண்ணெயில் சீரகம், தட்டிய மிளகு, துருவிய இஞ்சி தாளித்துக் கொட்டுங்கள். பரங்கியின் இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் அரை மூடி எலுமிச்சை பிழியலாம். நான் எப்போதுமே பிழிவேன்.