பட்டியலை மூடுங்கள், பத்தியைத் திறவுங்கள்

சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில் பல அகரவரிசையில் இருக்கும். முதல் பக்கத்திலேயே 'அபேண்டன்', அதாவது கைவிடு. ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தால் திரும்பவும் அதே சொல்தான். இப்படிப் படித்தால் முதல் சில பக்கங்கள்தான் மனதில் நிற்கும்.

ஜூனில் நடக்கும் காவோகாவோ என்ற சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50. அதனால் பழைய வினாத்தாளிலிருந்து தினம் ஒரே ஒரு பத்தி போதும். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடக்கூடாது. தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகு, ஐந்தே சொற்களை முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

வாக்கியத்தோடு எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்றுதான் நம்மைப் போலவே அவர்களும் முதலில் படிக்கிறார்கள். பத்தியிலோ ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்வதாக வரும். அங்கே அதைச் சரிசெய்ய முனைவது என்று பொருள். தெரிந்த சொல், தெரியாத பொருள்: சீன ஆசிரியர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்று நாள் கழித்து, எழுதிய சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். சொல் தானாக வரவில்லை என்றால் அதை மறுநாள் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள்.